அகலம் போதாத வீடு

சக்கர நாற்காலி வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. நுழைகிறதா என்று பார்க்க அதில் கத்திரி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து அவர் மனைவி தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு."

"தள்ளினா நீங்க மட்டும்தான் உள்ள போய் விழுவீங்க. நாற்காலி இங்கயேதான் நிக்கும்."

கத்திரி என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். யார் பட்ஜெட் கொண்டுவந்தாலும் பாதியாக வெட்டி அனுப்புவார். அவரிடம் ஒரே விதிதான். எந்த இனத்தில் செலவோ, அதே இனத்தில் வரவும் காட்ட வேண்டும். புது மேஜை கேட்டால் பழைய மேஜையை விற்கச் சொல்வார். அந்த விதியை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்ததுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "போறதுன்னா என் வீட்டுல, என் மாடி அறையில இருந்துதான்டா போகணும்." அம்மா கண்மூடியதும் அந்த அறையில்தான்.

மாடிக்கு வழியில்லை, வீட்டுக்காவது அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று கத்திரி தவித்தார். கொள்ளுத்தாத்தா கட்டிய வீடோ ஒத்துழைக்க மறுத்தது.

மேஸ்திரி நிலையைத் தட்டிப் பார்த்தார். "அகலப்படுத்திடலாம் சார். செலவாகும்."

"பழைய கதவை வித்தா வராதா?"

"வரும். அப்புறம் வாசலுக்குக் கதவு?"

"வாசல் அகலமாயிட்டா இந்தக் கதவு எப்படியும் பொருந்தாதுய்யா!"

மேஸ்திரி கதவைக் கழற்றத் தொடங்கினார். பழைய மரம் வாங்கும் வியாபாரி வந்து, கதவை அன்போடு தடவி, அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

நிலையைப் பெயர்த்ததும் மேலே சுவர் வாய் பிளந்தது. இரும்பு உத்தரம் கொடுத்தால்தான் நிற்கும் என்றார் மேஸ்திரி. சுவரில் ஆன செலவுக்குச் சுவரிலிருந்தே வரவு வேண்டுமே? ஜன்னல்களும் சுவரில்தானே இருக்கின்றன! வியாபாரி மறுபடி வந்தார்.

ஜன்னல் இருந்த ஓட்டைகளில் தார்ப்பாய் கட்டினார்கள். மழை அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து தரையைப் பெயர்த்தது. தெருநாய் ஒன்றும் உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வசதி போதாதென்று போய்விட்டது.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு போன் செய்வார். வார்டு ஆயம்மாதான் எடுத்து அப்பாவிடம் கொடுப்பாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா... இருக்கேன்டா." அப்பாவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "வீட்ட... ஒண்ணும் பண்ணிடாத. அப்படியே... இருக்கட்டும்."

"ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது? நான் வரேன்."

"வேணாம். வரவே... வேணாம்."

ஆயம்மா போனை வாங்கினாள். "பெரியவர் களைச்சுப் போயிட்டார் சார். நாளைக்குப் பேசுங்க."

கத்திரி போனை வைத்தார். சாகக் கிடக்கிற நேரத்திலும் மகனின் செலவை நினைத்துத் தவிக்கிறாரே!

"ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"நான் நகர்ந்தா மேஸ்திரியும் நகர்ந்துடுவார். அப்பாவுக்கு நாள் அதிகமில்ல. சீக்கிரம் முடிக்கணும்."

கடைசியாகக் கீழ்த்தளத்தில் குளியலறை. அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. கத்திரி கூடத்து மூலையைப் பார்த்தார். இரண்டுக்கும் அங்கே விடை நின்றது. நல்ல தேக்கில் இழைத்த மாடிப்படி.

"அது மாமா ரூமுக்குப் போற வழிங்க!" மனைவி பதறினாள்.

"யார் போகப் போறா? அப்பாவுக்கு இனிமே மாடி ஏது?"

மரக்கைப்பிடியை வண்டியில் ஏற்றியபோது, சின்ன வயதில் அதில் சறுக்கியதற்காக அப்பாவிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. தெருவில் நின்று அழுதார். வியாபாரி பாவப்பட்டு, அளந்து பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது குளியலறையில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. ஆனால் சக்கர நாற்காலி வாசலில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம். கத்திரிக்குப் பட்ட கஷ்டமெல்லாம் அந்த நொடியில் தீர்ந்துபோயிற்று.

அப்பா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தாலும் முகத்தில் தெளிவு இருந்தது. வீட்டைப் பார்த்த சந்தோஷம் என்று கத்திரி நினைத்தார்.

"பாத்தீங்களாப்பா? எங்கயும் இடிக்கல."

அப்பா கூடத்து மூலைக்குத் திரும்பினார். சிரிப்பு அப்படியே நின்றது. புதுச் சுவரைப் பார்த்தார், தலைக்கு மேலே பலகை அடித்து மூடியிருந்த இடத்தைப் பார்த்தார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த ஆயம்மா, வாசலிலிருந்தே உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

"நடிச்சது போதும், எழுந்திரிங்க பெரியவரே! பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிப் படியில தினமும் மூச்சு வாங்க வாங்க ஏறி இறங்கிப் பழகினீங்களே, இப்ப உங்க மாடிக்கு ஏறிக் காட்டுங்க!"