பால் காய்ச்ச அக்கா வர முடியாத காரணம்

ஜெகதளா,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை விஜயபாஸ்கருக்கு, மச்சான் கருப்புசாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அக்கா தனபாக்கியமும் சுகம். என் மூக்கு மட்டும் சுகமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. கோயமுத்தூரில் தாங்களும் மஞ்சுவும் புது வீட்டுப் பெயிண்ட் வாசனையோடு நலமாயிருக்க மருதமலையான் அருள்வானாக.

வியாழக்கிழமை விடியற்காலை உங்கள் வீட்டில் பால் காய்ச்ச உங்கள் அக்கா வர இயலாது. போனை எடுத்து அவளைத் திட்ட வேண்டாம். தப்பு முழுவதும் உங்கள் மச்சானுடையது என்று அவளே சொல்லிவிட்டாள்.

நான் ரிட்டயர் ஆகிச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பள்ளித் தலைமையாசிரியை, ஊருக்குக் கீழே குடியிருக்கும் நரிக்குறவர் குடும்பத்துப் பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வர உதவ முடியுமா என்று கேட்டார். தொழிற்சாலை டைம் ஆபீஸில் லேட்டாக வந்தவர்களை முறைத்தே காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். அங்கே பாசிமணி விற்கும் ரவிச்சந்திரனுக்கு மோனிகா என்று ஒரு மகள், ஏழாம் வகுப்பு, கெட்டிக்காரி. வருஷா வருஷம் திருவண்ணாமலை தீபத்துக்குக் குடும்பமே வியாபாரத்துக்குப் போகும், அவளும் போவாள், திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும், வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்புக்கே போகமாட்டாள். இந்த வருஷமும் அப்படிப் போனால் இனி வரவே மாட்டாள் என்று தலைமையாசிரியை கண் கலங்கினார். நான் நேராகப் போய், எல்லார் காதிலும் விழும்படி, ரவிச்சந்திரன் மேல் எனக்குப் புகார் இருக்கிறது என்றேன்.

அங்கேதான் மாப்பிள்ளை, வசமாக மாட்டிக்கொண்டேன். அவர்கள் வழக்கத்தில் நாலு பேர் முன்னால் புகார் சொன்னால் உடனே பஞ்சாயத்து கூடிவிடுமாம், தீர்ப்பு வரும்வரை யாரும் எழுந்து போகக்கூடாதாம், தீர்ப்பு புகார் சொன்னவனையும் கட்டுப்படுத்துமாம். என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்த உங்கள் அக்கா, என்னைக் கூட்டிப் போவதை விட்டுவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்து கொண்டாள். நான் வருகைப் பதிவின் அவசியத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்ட ஒரு அம்மாள் ஒரே கேள்விதான் கேட்டார்.

“புள்ள படிக்கட்டும் சாமி. நாங்க தீபத்துக்குப் போயிட்டா புள்ள எங்க தூங்கும், அதைச் சொல்லு.”

என் வாழ்நாளில் யாரிடமும் நான் கேட்காத கேள்வி. முன் வரிசையிலிருந்து உங்கள் அக்காவின் குரல் வந்தது.

“ஏனுங்க, நம்மூட்டுல தூங்கட்டுமுங்க.”

தீர்ப்பு முடிந்தது. பெற்றவர்கள் திரும்பும்வரை ஒரு ராத்திரிகூடப் பிள்ளையை விட்டு வெளியே தங்குவதில்லை, ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தை விடவிடுவதில்லை என்று சாமி முன்னால் உங்கள் அக்கா சத்தியம் வேறு செய்துவிட்டாள். புதன்கிழமையே கிளம்பி உங்கள் வீட்டுக்கு எப்படி வருவாள், நீங்களே சொல்லுங்கள்.

பெற்றவர்கள் தீபத்துக்குக் கிளம்பிப் போய், மோனிகா இங்கே வந்ததிலிருந்து வீடு என் பேச்சைக் கேட்பதில்லை. நாலு பக்கமும் சுவர் வைத்து அடைத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டாள். இந்தக் கார்த்திகைக் குளிரில் குரங்குக் குல்லாவும் ரெண்டு கம்பளியுமாகக் கிடக்கிறேன், மூக்கின் கதை இதுதான். குன்னூர் மார்க்கெட்டில் கேரட் விற்கும் பழனியாண்டி இவள் பேரம் பேசுவதைக் கேட்டுவிட்டு, இனி நீங்கள் தனியாகவே வாருங்கள் என்று என்னிடம் கெஞ்சுகிறார். உங்கள் அக்கா கழுத்து நிறைய பாசிமணி போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறாள். சாயந்திரம் மூன்று பேரும் விறகு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மோனிகா சத்தமாகப் பாடம் படிக்க, நாங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்போம். மாப்பிள்ளை, இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மன்னிக்கவும். பாலை மஞ்சுவே காய்ச்சட்டும், அது பொங்கி நாலு பக்கமும் வழிய எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வர முடியாத மச்சான்
கருப்புசாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை, எழுதியது வீணாகக் கூடாதென்று நானே கையில் கொண்டுவருகிறேன். மழைக்காக நாளையும் மறுநாளும் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள்; ரோடு நன்றாகத்தான் இருக்கிறதாம். உங்கள் அக்கா பட்டுச்சேலையை எடுத்துவிட்டாள், மூன்று பேரும் வருகிறோம். மோனிகா உடனே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர்களும் மகளைப் பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வியாபாரம் பாதியில் இருப்பதால் மறுபடி அங்கேதான் போவார்களாம். அவளையும் கூட்டிப் போய்விடுவார்களோ என்று போனை வாங்கிக் கேட்டேவிட்டேன். ரவிச்சந்திரன் சொன்னார்: “புள்ள அழுதாலும் எங்ககூட அனுப்பிடாதீங்க சாமி. கண்ணால பார்த்துட்டு நாங்களே பஸ் ஏத்தி விட்டுடுறோம். வெள்ளிக்கிழம பள்ளிக்கூடம் இருக்குதில்ல.” மாப்பிள்ளை, அவர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்கள்.