தோட்டத்துக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர்

சக்குபள்ளத்திலிருந்து ஆனைக்கரை வரை வீடு வீடாக விசாரித்தாலும் எங்கள் டாக்டரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். படிப்பு ஐந்தாம் வகுப்பு, தொழில் ஒரு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். மனிதருக்கு வைக்கிற தெர்மாமீட்டரை அவர் மண்ணில் சொருகிப் பார்ப்பார். அதனால்தான் டாக்டர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை.

தினமும் மத்தியானம் பலா மரத்தடியில், ஏலத் தூருக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டு வெற்றிலை மெல்லுவார். பாதரசம் இம்மியும் அசையாது. நான் அவருடைய வேலிக்கு அடுத்த அரை ஏக்கர்க்காரன். போர்வெல்லும் பம்பும் வைத்திருந்ததால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏப்பா மோட்டரு, வந்து பாரு. என் தோட்டத்துக்குக் காச்சலே கெடையாது!"

"அண்ணே, அது ஆளுக்கு வைக்கிறது. மண்ணுல வச்சா எப்படி ஏறும்?"

"ஒன் மண்ணுல வையி. எகிறும்!"

ஒருமுறை குமுளிப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. சுற்றுலா வந்த அம்மாள் ஒருவருக்குக் காய்ச்சல். "இங்கே டாக்டர் வீடு எது?" என்று டிரைவர் கேட்க, எங்கள் ஆட்கள் கொஞ்சமும் சிரிக்காமல் வழி காட்டிவிட்டார்கள். இவரும் தெர்மாமீட்டரில் ஒட்டியிருந்த மண்ணை லுங்கியில் துடைத்துவிட்டு நீட்டினார். அந்த அம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டார். "அப்பச் சரி, பலாவடியில அர மணி நேரம் உக்காருங்க, எறங்கிரும்" என்றார் இவர். உட்கார்ந்தார்கள், இறங்கியும் தொலைத்தது. அதன்பிறகு ஆறு மாதம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு காலேஜிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். மலைக்காட்டுக்குள் விவசாயம் செய்கிறவர்கள் எவ்வளவு தண்ணீர், டீசல், மருந்து செலவழித்து எவ்வளவு விளைச்சல் எடுக்கிறார்கள் என்று எழுதுகிறாளாம். என் தோட்டத்துக்கே இரண்டு தாள் பிடித்தது. அடுத்து டாக்டர்.

"பம்பு இருக்கா?"

"இல்ல தாயி."

"மருந்து அடிப்பீங்களா?"

"இல்ல."

"அப்ப தோட்டத்துக்கு என்னதான் போடுறீங்க?"

"நெழலு போடுறேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தாள். பலாவும் மலைவேம்பும் கூரை போட்ட மாதிரி மூடியிருந்தன. இவ்வளவு குறைவாகத் தின்று இவ்வளவு கொடுக்கிற தோட்டத்தை இந்த மலையில் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இரண்டு நாள் அவர் பக்கம் தலை காட்டவில்லை.

கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அதற்கு அடுத்த மழைக்காலம் வெறி பிடித்துப் பெய்தது. நிழல் அடர்த்தியாக இருந்த தோட்டங்களில் காயெல்லாம் அழுகிப்போனது. டாக்டருக்குப் பாதி விளைச்சல் போயிற்று. ஜூன் மாதத்து மழை நன்றாகப் பிடித்த பிறகுதான் அவர் மரத்தில் கத்தியே வைப்பார். அதுவும் நான்கைந்து கிளை. ஆனால் அடுத்த வருஷம் மார்ச்சிலேயே இரண்டு நாள் கொட்டிய மழையைப் பார்த்துவிட்டு நான்தான் வேலியோரம் நின்று சொன்னேன்: "அண்ணே, மழை முன்னாடியே வந்துருச்சு. இந்த வருசமாச்சும் கெளையைக் கழிச்சு விடுங்க. இல்லன்னா மறுபடி அழுகிரும்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அடுத்தவர் பேச்சைக் கேட்டார். ஆள் வைத்துக் கிளைகளை இறக்கினார். வானம் பளிச்சென்று தெரிந்தது.

அதோடு மழை நின்றது. ஏப்ரல் முழுக்க ஒரு சொட்டு இல்லை. மே மாதமும் அப்படியே. ஏலத் தூர்கள் மஞ்சளாகி, காகிதமாகச் சுருண்டு, மடிந்து படுத்தன. ஓடையிலிருந்து அவர் தோளில் குடம் சுமந்தார். ஓடையும் வற்றியது. ஒரு மத்தியானம் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். நூற்றிரண்டு.

"தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "ஒரு மணி நேரம் ஒன் மோட்டரப் போடுறியா?"

ஓடிப்போய்ப் போட்டேன். போர்வெல் இருமியது. காற்றும் கொஞ்சம் சேறும் வந்தன. சேறு சொட்டிய குழாயை அவர் உதறிப் பார்த்தார். அவர் என்னைத் திட்டுவார், வேலியைப் பிடுங்கிக்கொண்டு அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். "நீ நல்லதுக்குத்தான சொன்ன" என்று குழாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு ஏக்கரில் மிஞ்சியது பதினொரு தூர். இந்தப் பக்கம் பலர் விற்றுவிட்டு மூணாறில் ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் போகவில்லை. கிளை கழித்த இடங்களில் துளிர் விட்டிருக்கிறதா என்று மரம் மரமாக அண்ணாந்து பார்க்கிறார்.

"பழையபடி மூட எத்தன வருசம்ணே ஆகும்?" என்று கேட்டேன்.

"பத்து ஆகும். மழை ஒழுங்கா இருந்தா."

அவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. மழை ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கோயில் பக்கம் அதிகம் போகிற ஆளும் இல்லை நான். இப்போது போகிறேன். போனால் எனக்கென்று எதையும் கேட்பதில்லை, அவருக்கு ஒரு பத்து வருஷம் கேட்கிறேன்.