மகாராணியின் நாக்கு

பெருமதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் சின்ன மருமகள் பணிவோடு எழுதுவது. நான், உங்கள் மகன், பாப்பா மூவரும் ஏதோ இருக்கிறோம். உங்கள் ஆடு மகாராணி அமோகமாக இருக்கிறாள். நாத்தனாருக்குச் சுகப்பிரசவம் ஆனதில் மிக்க மகிழ்ச்சி. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். எழுந்துகொள்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும், கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, மொத்த பஸ்ஸும் கேட்க, "பி.காம். படிச்சவளை நம்பி ஆட்டை விட்டுட்டுப் போறேன். அதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட பெரியவ வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன், ஆமா" என்றீர்களே, அது என் காதிலேயே இருக்கிறது. ஓரகத்தி முன்னால் தலைகுனிய எனக்கு விருப்பமில்லை. இப்படி இருக்கும்போது ஒரு நாள் உங்கள் மகன் மான் பூங்காவில் தீவனம் வைத்துவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "காட்டுப்பக்கம் மான்களுக்கு ஏதோ வைரஸாம். நீலநாக்கு நோயாம். ஆட்டுக்கும் வருமாம்" என்று, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்கிறார். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்கா டாக்டரம்மாவிடம் ஓடினேன். "மனுஷங்களுக்கு வராதும்மா" என்றார். "சின்ன மனுஷங்களுக்கு?" என்றேன். "எந்த சைஸ் மனுஷங்களுக்கும் வராது." வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "பல் முளைக்கிற மனுஷங்களுக்கு?" என்று கேட்டதில்தான் அவருக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் மகாராணிக்கு வரலாமாம். கொசுவைவிடப் பொடியாக ஒரு ஈ இருக்கிறதாம், நோயுள்ள மானைக் கடித்துவிட்டு வந்து ஆட்டைக் கடித்தால் போதுமாம். நம் ஊழியர் குடியிருப்பில் ஒரே ஒரு ஆட்டுக்கு வந்தாலும் எல்லா ஆடுகளையும் அப்புறப்படுத்தச் சொல்லி பூங்கா டைரக்டர் உத்தரவே போட்டுவிட்டார்.

விடுவேனா? பாப்பாவின் கொசுவலையை எடுத்து மகாராணியின் கொட்டகையில் கட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்த ஓட்டை அந்த ஈக்கு வாசக்கதவும்மா, குடும்பத்தோட உள்ள போகும்" என்று சிரித்தார். சரி, இன்னும் நெருக்கமான துணிக்கு எங்கே போவது? நீங்கள் ஹாலுக்கு ஆசை ஆசையாக வாங்கிப் போட்டீர்களே வெள்ளைத் திரை, அதைக் கழற்றிக் கொட்டகையைச் சுற்றித் தைத்துவிட்டேன் (கோபப்படாமல் மேலே படிக்கவும்). இப்போ நம்ம ஹால்ல நடக்கிறதெல்லாம் எதிர்வீட்டு அக்காவுக்கு நல்லாத் தெரியுது. உங்க பிள்ளை சாப்பிடுற முகத்தைப் பார்த்துட்டு, "என்ன, உப்பு தூக்கலா?"ன்னு அங்கேருந்தே கேக்குறாங்க. காத்து அடிச்சா அந்த ஈயால பறக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா, டேபிள் ஃபேனையும் கொட்டகைக்குக் கொண்டுபோயிட்டேன். "ஆட்டுக்குத் திரை, ஆட்டுக்கு ஃபேன். எனக்கு என்னடி?"ன்னார் உங்க பிள்ளை. "உங்களை எந்த வைரஸும் சீண்டாது, போய்ப் படுங்க"ன்னேன்.

அதோடு தினமும் காலையில் நாக்குப் பரிசோதனை. பாப்பாவின் கரண்டியால் மகாராணியின் வாயைத் திறந்து பார்ப்பேன் (கரண்டியைக் கொதிக்க வைத்துவிட்டேன்). ஒரு நாள் திறக்கிறேன், நாக்கு நீலம்! நீலம்னா அப்படி ஒரு நீலம். நான் போட்ட சத்தத்தில் உங்கள் மகன் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார், அப்படியே டாக்டரம்மா வீட்டுக்கும் ஓடினார். டாக்டரம்மா, டைரக்டர், ஜீப் எல்லாம் வந்து சேர்ந்தாச்சு. ரத்தம் எடுத்தார்கள். "எதுக்கும் வேலியோரமா நிக்கிற மான்களையும் பார்த்துடுங்க" என்று டைரக்டர் ஆளை அனுப்பினார். அப்புறம் டாக்டரம்மா மகாராணியின் பல்லிடுக்கில் விரலை விட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீலக் கலர் மெழுகுப் பென்சில். பக்கத்தில் பாப்பா, டப்பாவும் கையுமாக, "மேமே மம்மம்" என்கிறாள். "அந்த நோய் வந்தா வாய் வீங்கும், புண்ணாகும். இப்படிப் பெயிண்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு இருக்காதும்மா" என்றார் டாக்டரம்மா. ஷேவிங் நுரையைத் துடைத்துக்கொண்டே உங்கள் மகனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அதற்கு அவரைத் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

ஆனால் அத்தை, இனிமேல்தான் இருக்கிறது. வேலிக்குப் போன ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார். அங்கே ஒரு மானுக்கு நிஜமாகவே உதடு வீங்கி, எச்சில் ஒழுகி, உடம்பு கொதிக்கிறது! உடனே அதைப் பிரித்து, ஈ புகாத கூண்டில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். இன்று அது எழுந்து புல் தின்கிறது. வேறு எந்த மானுக்கும் வரவில்லை. ஒரு ஆடும் வெளியேறவில்லை. ஊழியர் கூட்டத்தில் டைரக்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தம்மா மாதிரி இன்னும் ரெண்டு பேர் பதறினா போதும், பூங்கா பிழைச்சுக்கும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டு அக்காவும் தட்டினார். ஓரகத்தி குழந்தையைப் பார்க்க வரும்போது இந்த இடத்தை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

நாத்தனாருக்கும் புதுக்குழந்தைக்கும் என் அன்பு. பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். மகாராணி உங்களைக் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். படித்தும் உங்கள் ஆட்டைக் காப்பாற்றிய,
சின்ன மருமகள்

பின்குறிப்பு: காலையில் தபாலில் சேர்க்கப் போகும்போது ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். மகாராணிக்கு இந்த நோய் ஏற்கெனவே வந்து, யாருக்கும் தெரியாமல் தானாகவே போய்விட்டதாம். இப்போது பரவுகிற இந்த வைரஸ் இனி அவளை ஒன்றும் செய்யாதாம். திரை, ஃபேன், கரண்டி எல்லாம் தண்டம். "எப்போ வந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். போன வருஷ மழையில்தான் இந்தப் பக்கம் பரவியது, அப்போதுதான் வந்திருக்க வேண்டும் என்றார். அந்த மழைக்காலம் முழுக்க நான் பாப்பாவோடு என் அம்மா வீட்டில் இருந்தேன். அப்போது ஆட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதவும்.