மரகதவல்லி சொன்ன அசல் முறை

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் மேட்டுப் பக்கமாக, மரகதவல்லி என்றொரு கோழியம்மாள் வசித்துவந்தாள். முட்டையிடுவதைவிடக் குறை சொல்வதில்தான் அவளுக்கு நாட்டம் அதிகம். 'அசல் ருசி' என்ற வாட்ஸப் குழுவுக்கு அவள்தான் அட்மின். யாராவது சமைத்ததைப் படம் பிடித்துப் போட்டால் போதும், "இது அந்த ஊர் முறையே இல்லை" என்று உடனே பதில் வந்துவிடும். கரடி தேன் நக்குவதில்கூட முறை தப்பியிருக்கிறது என்று ஒருநாள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். தாய்லாந்துச் சமையல் என்றால் கேட்கவே வேண்டாம். அவளுடைய சித்தி மகள் பாங்காக் விமானத்தில் போனவள். திரும்பி வரவில்லை. அங்கேயே செட்டிலாகிவிட்டாள் என்று மரகதவல்லி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே குழுவில் ஏகாம்பரம் என்ற நரியும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் புது மாப்பிள்ளை விருந்துக்கு வருவதாக இருந்தது. தாய்லாந்து பார்பிக்யூ சிக்கன் செய்து அசத்திவிட வேண்டுமென்று அவருக்கு ஆசை. அதற்குக் கோழி வேண்டுமே! தெரிந்த முகமாக இருக்கட்டும் என்று மரகதவல்லியைத் தூக்கிவந்து, அடுப்படியில் காலைக் கட்டிப் போட்டார்.

உயிர் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பக்கத்திலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஏகாம்பரம் இது?"

"மசாலாங்க மேடம். தேங்காய்ப்பாலுக்குப் பதிலா தயிர். மீன் சாஸுக்குக் கருவாடு ஊறவச்ச தண்ணி. எலுமிச்சைப்புல்லுக்கு வாசல்ல முளைச்ச அருகம்புல். நம்ம வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கிட்டேன்."

மரகதவல்லிக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்க, கோழியை மட்டும் ஏன் விட்டீங்க? பலாக்காயைப் போடுங்க. பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது."

ஏகாம்பரம் யோசித்தார். இறகு பிடுங்குகிற வேலை மிச்சம். "அதுவும் சரிதான்" என்று கட்டை அவிழ்த்துவிட்டார்.

இத்தோடு நிறுத்தினால், புத்தியால் பிழைத்த கோழி என்று இதைப் பாடப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம். அவள் வாசல்வரை போயும்விட்டாள். உள்ளே ஏகாம்பரம் பலாக்காயைக் குச்சியில் குத்தி, படம் எடுத்து, வாய்விட்டுப் படித்தபடி குழுவில் போட டைப் செய்துகொண்டிருந்தார்: "அசல் தாய் பார்பிக்யூ சிக்கன்..."

மரகதவல்லிக்குக் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. போய்த் தொலைந்திருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஆனால் அந்த 'அசல்' அவளை விடவில்லை. விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"தள்ளுங்க! கொத்தமல்லி வேரைக் குப்பையில போட்டுட்டு தழையை அரைச்சிருக்கீங்களே, நம்ம ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு இது. வேர்லதான்யா மணமே!"

குப்பையைக் கிளறி வேரை எடுத்தாள். கழுவி, பூண்டும் மிளகும் பனைவெல்லமும் வைத்து இடிக்கச் சொன்னாள். ஏகாம்பரம் தேங்காய் துருவினார், பால் பிழிந்தார்.

"அந்தப் பலாக்காயைத் தூக்கி எறிங்க."

"அப்போ கோழி?"

"கோழியை நெஞ்சுப் பக்கம் கீறி, தட்டையா விரிச்சு, மூங்கில் குச்சிக்கு நடுவுல வச்சுக் கட்டணும். தணல்ல நின்னு நிதானமா வாட்டணும்."

"மண்டையில ஏறலையே மேடம்."

இந்தத் தற்குறிகளோடு காலம் தள்ளுவதே பெரும்பாடு என்று அலுத்துக்கொண்டு, மரகதவல்லி பலகைமேல் மல்லாந்து படுத்து இரண்டு சிறகுகளையும் விரித்துக் காட்டினாள்.

"இப்படி!"

"அப்படியே இருங்க மேடம்" என்று ஏகாம்பரம் மூங்கில் குச்சியை எடுத்தார்.

"இறுக்கிக் கட்டுங்க. தளர்வாக் கட்டினா நடுவுல வேகாது."

அதுதான் அவள் கடைசியாகச் செய்த திருத்தம்.

மணம் காடு முழுக்கப் பரவியது. அவள் சொன்னபடியே எல்லாம் அமைந்திருந்தது. பாவம், அதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. தொட்டுக்கத் தக்காளி சாஸ் இருக்கா?"

நீதி: கோழியை ஊறவைக்கும் முன் அதனிடம் கருத்துக் கேட்டுக்கொள்ளவும், பாதி வேலையை அதுவே செய்துவிடும்.