முடிவை அப்பாவிடம் சொல்லக் கூடாது

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் என் கூடப்பிறந்த அக்காவின் கணவருமாகிய பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

புள்ளியியல் துறைப் பேராசிரியையும் தங்கள் கொழுந்தியாளுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், இவர், பிள்ளைகள் இருவர், எல்லோரும் நலம். தாங்களும் நலம், தங்கள் இரத்த அழுத்தமும் நலம் என்று அக்கா சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் ஒரே விருப்பம்.

என் மூன்றாமாண்டு மாணவர்கள் அறுபத்திரண்டு பேரும் கூட்டாகக் காப்பியடித்தார்கள் என்று தேர்வு முடிவை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கொடுக்க வேண்டியவரும் தாங்களே. அறிக்கை பாதகமாக வந்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் போய்விடும். பாடம் நடத்தியவள் என்ற முறையில் என்னிடமும் விளக்கம் கேட்டு ஒரு படிவம் வந்தது. விளக்கத்துக்கு அதில் நான்கு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அத்தான், நான்கு வரியில் அடங்குகிற மாதிரியா நான் வாழ்க்கை நடத்துகிறேன்? அதனால்தான் தனித்தாளில் எழுதுகிறேன்.

பிள்ளைகள் காப்பியடிக்கவில்லை. தப்பு என்னுடையது. எல்லாம் ஏழாம் பாடத்தில் நடந்தது. ஒவ்வொரு பாடத்தையும் குரலில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று இந்த வருடம் சுற்றறிக்கை வந்தது தங்களுக்கு நினைவிருக்கும், கையெழுத்து தங்களுடையது. பதிவு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், நடுவில் வெட்டவோ, கேட்பவர் தாவிக் கேட்கவோ கூடாது, மீறினால் செல்லாது என்று மூன்றாவது பத்தியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். கல்லூரியின் பதிவு அறையோ எப்போது போனாலும் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் சத்தம் படாத இடம் எது என்று தேடியதில் எங்கள் படுக்கையறைத் துணி அலமாரிதான் தேறியது. போர்வைகளுக்கு நடுவில் போனைச் செருகிவிட்டு, நான் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, முதுகை வீட்டுக்கும் முகத்தைக் கல்விக்கும் காட்டி நின்று ஆறு பாடங்களை ஒழுங்காகவே முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஏழாம் பாடத்தன்று சின்னவளின் பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். இவரும் அன்றைக்குப் பார்த்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு மதியமே வந்துவிட்டார். பாடத்தை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். சரி என்று அலமாரிக்குள் தலையை விட்டுச் சராசரியில் தொடங்கினேன். தொடங்கியதுதான் தாமதம், இவர் கூடத்திலிருந்து வண்டிச் சாவி எங்கே என்று கேட்டார். பாடத்தை நிறுத்த முடியாது, பதிலும் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லாவிட்டால் சொல்லும்வரை கேட்பார். "எங்க வெச்சீங்களோ அங்கதான் இருக்கும், ஒழுங்கா தேடுங்க" என்று தலையை எடுக்காமலே சொல்லிவிட்டு மேலே போனேன். கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கிற எண்ணை என்ன செய்வது என்று விளக்க வந்தபோது சின்னவள் என் முழங்கையைத் தட்டி, பல்லி வால் ஒன்றைக் காட்டினாள். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. "அதக் கீழ போட்டுட்டுப் போயி கையக் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு" என்றேன். எத்தனை பேரை ஆய்வுக்கு எடுப்பது என்ற இடத்துக்கு வந்தபோது, இரவுச் சமையலை ஏற்றுக்கொண்ட புண்ணியவான் எத்தனை பேருக்கு வைக்கட்டும் என்றார். "மூணு பேருக்குப் போதும். நாலாவது ஆளு வெளியில சாப்பிட்டுட்டு வந்துடும்" என்றேன். நாலாவது ஆள் பெரியவள், தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவளும் கொஞ்ச நேரத்தில் சாப்பிடாமலே திரும்பி வந்து, கணக்குத் தேர்வின் முடிவு வந்துவிட்டது என்று என் முதுகுக்குப் பின்னால் விசும்பினாள். எவ்வளவு என்று கேட்கவில்லை, விசும்பலிலேயே தெரிந்தது. புள்ளியியல் பேராசிரியையின் மகள் கணக்கில் தோற்றாள் என்று இவருக்குத் தெரிந்தால் போதும், கடைக்குக் கண் சோதிக்க வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரிப்பார். நானோ அப்போது ஆய்வின் முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது என்ற கடைசிப் படியில் நிற்கிறேன். "முடிவ அப்பாகிட்ட சொல்லாத. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை முடித்து ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பிவைத்தேன்.

விஷயம் என்னவென்றால் அத்தான், கேட்டவர்களின் குரல் என் முதுகைத் தாண்டி அலமாரிக்குள் வராததால் பதிவாகவில்லை. பதில் சொன்ன என் குரல் மட்டும், போர்வைகளின் தயவில், கணீரென்று பதிவாகியிருக்கிறது. வகுப்பில் முத்து முத்தாக எழுதுகிற பெண் ஒருத்தி உண்டு, எல்லோரும் அவளை முத்தெழுத்து என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதை ஓரெழுத்து விடாமல் கேட்டு, தேர்வுக்குத் தோதான நடையில் மாற்றி நோட்ஸ் எடுத்துவிட்டாள். மற்ற அறுபத்தோரு பேரும் அதை வாங்கி மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

அதன் பலன் இப்போது தங்கள் மேசையில் இருக்கிறது. "சராசரி எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயேதான் இருக்கும், தேடுபவரே ஒழுங்காகத் தேடுவதில்லை." "சேராத எண்ணைக் கண்டால் அதைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைச் சோப்பினால் கழுவுதல் இன்றியமையாதது." "மூன்று பேர் போதுமானது. நான்காமவர் வெளியே உணவருந்திவிட்டு வருவார்." அப்புறம், எல்லா விடைத்தாளிலும் கடைசி வரியாக, கீழே கோடு போட்டு, "முடிவை அப்பாவிடம் சொல்லக் கூடாது." விடைத்தாள் திருத்த வெளியிலிருந்து வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மூன்று தாள்களுக்கு அவர் முழு மதிப்பெண் போட்டு, சராசரி வரிக்குப் பக்கத்தில் "ஆழ்ந்த பார்வை" என்று எழுதியிருக்கிறார். நாலாவது தாளில் பேனா நின்றிருக்கிறது. பத்தாவது தாளில் மனிதர் எழுந்து தண்ணீர் குடித்ததாகக் கேள்வி.

தங்கள் அலுவலகத்து எழுத்தர் வகுப்புக்கு வந்து விசாரித்தபோது, "நாங்களே யோசிச்சு எழுதினோம்" என்று அறுபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்களாமே. அதைத்தான் கூட்டுச் சதிக்கு ஆதாரமாகத் தாங்கள் குறித்திருக்கிறீர்கள். எனக்கே அது விளங்கவில்லை. நேற்று வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு முத்தெழுத்தை எழுப்பிக் கேட்டேன்.

"ஏம்மா, மேடம் சொன்னதத்தான் எழுதினோம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பதிவக் கேப்பாங்க மேடம்."

"கேக்கட்டுமே."

"கேட்டா உங்க வீட்டு விஷயமெல்லாம் ஆபீஸ் வரைக்கும் போயிடும். அதான் வேண்டாம்னு எல்லாரும் பேசி வெச்சுட்டோம்."

"அப்ப அது வீட்டு விஷயம்னு உனக்குத் தெரியுமா?"

"எழுதும்போது தெரியல மேடம். பாடம்னுதான் நெனச்சேன், நல்லாவும் பொருந்திச்சு. பரீட்சை முடிஞ்சு வீட்டுக்குப் போனேன். எப்படி எழுதினேன்னு அம்மா கேட்டாங்க. சுமார்னு சொன்னேன். அப்பாகிட்ட சொல்லாதன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "ஒரு வருஷம்தான மேடம், பரவால்ல" என்றான். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்காக யாரும் ஒரு வருகைப்பதிவைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அத்தனை பேர் முன்னாலும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அதையும் முத்தெழுத்து குறித்துக்கொள்கிறாளோ என்று பயமாகவும் இருந்தது.

இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கம்தான், மறைக்கவில்லை. பணி மதிப்பீட்டுப் படிவத்தில் வருடா வருடம் "வீட்டுப் பொறுப்புகள் கல்விப் பணியில் குறுக்கிடுவதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதை நம்பி முதல்வர் என்னை அழைத்து, வீட்டையும் வேலையையும் கலக்காமல் நடத்துவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகளுக்கு அடுத்த வாரம் உரையாற்றச் சொல்லியிருக்கிறார். உரையில் ஒரு பாதியைத் தயாரித்தும் விட்டேன். சின்னவளின் வீட்டுப்பாட நோட்டின் பின்பக்கத்தில் எழுதியதால் அது இப்போது அவளுடைய டீச்சரிடம் திருத்தத்துக்குப் போயிருக்கிறது. போகட்டும். துறைத்தலைவர் பதவி தள்ளிப்போனாலும் போகட்டும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை என்று தாங்கள் எழுத வேண்டும்.

ஆதாரமாக ஏழாம் பாடத்தின் முழுப் பதிவையும் பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் நேர்மையை நான் அறியாதவளா? சொந்தக்காரியின் விவகாரத்தைத் தானே விசாரித்தார் என்று நாளை தங்களைப் பார்த்து யாரும் விரல் நீட்டக் கூடாது. ஆகவே கோப்பையும் பென் டிரைவையும் வேறு அலுவலர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். நாலு பேர் உட்கார்ந்து, பெரிய ஒலிபெருக்கியில் போட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அக்காவுக்கு என் அன்பு. வேலை நெருக்கடியிலும் தாங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும், வெள்ளிக்கிழமை நல்லபடியாக விடியவும் வேண்டிக்கொண்டு, வணக்கத்துடன்,

தங்கள் கொழுந்தியாள்

பின்குறிப்பு: மேலே எழுதிய கடைசிப் பத்தியைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், வேறு அலுவலர்களும் வேண்டாம். உறையை ஒட்டும் முன் பதிவை முதன்முறையாக முழுவதும் கேட்டேன். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து, பத்து நிமிடம் நான் பேசாமல் இருப்பேன், போட்டுப் பாருங்கள் என்கிறேன். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கதவைச் சாத்திவிட்டதாக நினைவு. சாத்தவில்லை அத்தான். அங்கிருந்து பதினொரு நிமிடமும் பேச்சு முழுக்கத் தங்களைப் பற்றித்தான். யாராவது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் தாங்கள் "எந்தத் தேதி நிலவரப்படி?" என்று திருப்பிக் கேட்பது, சட்டைப் பொத்தான் அறுந்தால் அதைத் தைக்கச் சொல்லி எழுத்துமூலம் கொடுப்பது, சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பதை முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று சொல்வது, எல்லாம் நடிப்போடு இருக்கிறது. முத்தெழுத்தின் நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் "பதினொரு நிமிடம் மேடம் சிரிக்கிறார். இது தேர்வுக்கு வராது" என்று மட்டும் எழுதி விட்டிருக்கிறாள். அறுபத்திரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட வெளியில் மூச்சு விடவில்லை. பென் டிரைவை எடுத்துவிடலாமா என்று ஒரு காபி ஆறுகிற நேரம் யோசித்தேன். நான் வாயைத் திறந்ததற்கு அவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு ஒரு வருடத்தை இழக்க வேண்டும்? அதனால் அனுப்புகிறேன். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமே என்று தோன்றும், ஆனால் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்ற வரி ஐம்பத்தாறாவது நிமிடத்தில்தான் வருகிறது, தாவிக் கேட்டால் செல்லாது என்பதும் தங்கள் உத்தரவு. தங்கள் அறையில், கதவைத் தாளிட்டுக்கொண்டு, தனியாகக் கேளுங்கள். முக்கியமாக அக்கா பக்கத்தில் இருக்க வேண்டாம். பதிவில் சிரிப்பு மட்டும்தான் என்னுடையது. தங்களைப் போலவே நடந்து, தங்களைப் போலவே செருமி, தங்கள் குரலில் பேசிக் காட்டுகிறவர் யார் என்று முதல் வார்த்தையிலேயே தங்களுக்குத் தெரிந்துவிடும். இருபத்தாறு வருடமாக அந்தக் குரல் எழுப்பித்தான் தினமும் காலையில் கண் விழிக்கிறீர்கள்.