தையல் மெஷினுக்கு அடித்த பொட்டி

குறைவாகப் பேசுகிறவனுக்கு வம்பும் குறைவாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அதை நம்பி நாற்பத்தெட்டு வயது வரை வந்தவன். ஒரே ஒரு சொல்லால் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையே வெள்ளை உடுத்த வைத்தவன்.

எனக்குக் கூச்சம் அதிகம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்பார். பதில் தெரியும். வாயைத் திறக்கத் துணிவு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு தேயிலை பெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷின் பக்கம் வேலை கிடைத்தது. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அதுவே சொர்க்கம்.

என் மனைவி பாக்கியத்திடம் ஒரு பழைய தையல் மெஷின் இருக்கிறது. கையால் சுற்றுகிற மெஷின். கறுப்பு உடம்பில் தங்கப் பூ போட்டிருக்கும். எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அதில்தான் லயத்துக்கே ரவிக்கை தைப்பாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் நுவரெலியா டவுனில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க ஆள் தேடினார்கள். பாக்கியத்தின் தையலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சொந்த மெஷினோடு வர வேண்டும், வராவிட்டால் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுவோம் என்றும் சொன்னார்கள். இருபது வருடமாகக் கொழுந்து பறித்தவளை முதல் தடவையாக ஒருவர் 'டீச்சர்' என்று கூப்பிடப் போகிறார். அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

மெஷினைக் கொண்டு போவதுதான் பெரும்பாடு. அதன் பழைய மர மூடியைக் கறையான் தின்றுவிட்டது. தையலைக் காட்டப் போன அன்று உரச்சாக்கில் போட்டுத்தான் பஸ்ஸில் ஏற்றினாள். ஒரு வளைவில் சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த கைப்பிடி தானாகச் சுற்றி, பக்கத்தில் நின்றவரின் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துவிட்டது. பை கிழிந்து கைப்பிடியோடு வந்துவிட்டது. "அதுக்கென்னங்க, இப்பவே தச்சித் தர்றேன்" என்று இவள் சாக்கை அவிழ்க்கப் போனாளாம். கண்டக்டர் சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அக்கே, இனி பெட்டி இல்லாம இத ஏத்த ஏலாது."

அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாக்கியம் என்னை விரட்டினாள். "மாரிமுத்து பாஸ்கிட்ட ஒரு பொட்டி அடிச்சித் தரச் சொல்லுங்க. வாயத் தொறந்து கேளுங்க. அங்கேயும் போயி கதவு நிலையப் புடிச்சிக்கிட்டு நிக்காதீங்க."

எங்கள் பக்கம் தச்சரை 'பாஸ்' என்றுதான் சொல்வோம். மாரிமுத்து பாஸ் எங்கள் தோட்டத்துத் தச்சர். கதவு, ஜன்னல், மேசை எல்லாம் செய்வார். (தோட்டத்தில் யாராவது செத்தால் அதற்குப் பெட்டி அடிப்பவரும் அவர்தான். 'பொட்டி அடிக்கணும்' என்று அவர் வாசலில் போய்ச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேசை என்றால் மேசை, அலுமாரி என்றால் அலுமாரி, பொட்டி என்றால் அந்தப் பொட்டி. இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். அன்று எனக்கு மட்டும் தெரியாமல் போனது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மகள் சுமதி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். கால் வீங்கியிருக்கிறது என்று இரண்டு நாள் வைத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் இருப்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

நான் பட்டறைக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பார்த்தார்.

"என்ன தம்பி?"

"ஒரு பொட்டி வேணும், பாஸ்."

உளி நின்றது.

"அளவு?"

மெஷினை அளந்து வைத்திருந்த நூலைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கைக்கும் நடுவில் நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"சின்னதுதாங்க."

"சுமதி எப்பிடி இருக்கா?"

"நல்லா இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு விட்ருவாங்க."

"அந்தப் புள்ளைக்குத் தைரியம் சொல்லுங்க தம்பி." அவர் கண் கலங்கியிருந்தது. மரத்தூள் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். "எப்ப வேணும்?"

"காலைல. ஆறரை பஸ்ஸுக்குக் கொண்டு போகணும்."

"பஸ்ஸுலயா!"

"ஆமாங்க. தூக்குறதுக்கு மேல ஒரு கைப்பிடி வச்சிருங்க."

அவர் மெதுவாகப் பலகை மேல் உட்கார்ந்தார். "கைப்பிடியா..."

"மூடிக்கு ஆணி அடிச்சிராதீங்க பாஸ். கொக்கி போடுங்க. தெனமும் தொறக்கணும்."

"தெனமுமா!"

துக்கத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அந்த இடத்தில்தான் அவர் முடிவு செய்தாராம். எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "நீங்க சொல்ற மாதிரியே செய்றேன் தம்பி. பாக்கியத்துக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க, அவதான் அனுப்புனா. சந்தோசத்துல தல கால் புரியாம இருக்கா."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கூலி என்று நான் பையில் கை விட்டதும் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இவ்வளவு பேசியும் எனக்கு வியர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைப் பேசி முடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா சோறும் கறியும் கொண்டு வந்து வைத்தார். "நீ ஒன்னும் அடுப்பு மூட்ட வேணாம் பாக்கியம்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். டீச்சர் ஆனதற்கு விருந்து என்று நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். எல்லோரும் வெள்ளை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூடப் போகாமல் நின்றார்கள். என்னை ஒரே நேரத்தில் இத்தனை பேர் பார்த்ததே இல்லை. (என் கல்யாணத்தில்கூடப் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.) பாக்கியத்தை வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சாவு வீட்டில் அடிக்கிற தப்போடு இரண்டு பேர் ஓரமாக நின்றதுதான் விளங்கவில்லை.

"சின்ன உசுருக்கு அடிக்கிற வழக்கமில்லடா" என்றார் ஒருவர்.

"சரி, அப்ப சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் மற்றவர்.

மாரிமுத்து பாஸ் முன்னால் வந்தார். இரண்டு கையிலும் பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல் பெட்டியை ஏந்தியிருந்தார். உள்ளே வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் வெள்ளிக் காகிதம். பக்கத்துக்கு ஒரு கொக்கி. கைப்பிடிக்கு வெள்ளை ரிப்பன். அதைப் பார்த்த பிறகுதான் அது எந்தப் பொட்டி என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பாக்கியம் வந்தாள். கிளிப்பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. "பொட்டி வந்திருச்சா? ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! கொண்டாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

அஞ்சலை அக்கா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓங்கிக் கத்தினார். "அழுதுரு பாக்கியம்! உள்ளுக்குள்ள வச்சிக்காத! சுமதி வயித்துப் புள்ள போயிருச்சுடி!"

பாக்கியத்தின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியாது. சிரிப்பு அப்படியே நின்று, இரத்தம் சுண்டி, சுவர் நிறமாகிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "சுமதிக்கு என்னாச்சு? ஏங்க, சுமதிக்கு என்னங்க ஆச்சு?"

அப்போதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே ஓடினேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாஸ் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்து, மெஷினை உள்ளே இறக்கி, மூடியைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். கச்சிதமாக இருந்தது.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"மெஷினுக்கு" என்றேன்.

"மெஷினா!" என்றார் பாஸ். "அட பாவி மனுசா! இந்த ஒரு வார்த்தைய நேத்து சொல்றதுக்கு என்னய்யா உனக்கு?"

பாக்கியத்தின் போன் அடித்தது. சுமதி. "அம்மா, என்னம்மா நடக்குது அங்க? விடிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி அழுறாங்க. கொழும்புல உங்க மருமகன் கடைய விட்டுட்டு பஸ் ஏறிட்டாரு. எனக்கு ஒன்னும் இல்ல, நான் டீயில தொட்டு பாண் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்!"

பாக்கியம் அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே கையிலிருந்த போனாலேயே என் முதுகில் நாலு வைத்தாள். அஞ்சலை அக்கா, தான் கொடுத்த கறிக்காக இரண்டு வைத்தார். தப்புக்காரர் மட்டும், "அப்ப இப்ப அடிக்கலாமா?" என்று கேட்டார்.

திடீரென்று கீழே பஸ் ஹாரன் கேட்டது. பாக்கியம் முகத்தைத் துடைத்தாள். "ஐயோ, பஸ்ஸு!"

பாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் பாக்கியம், அவள் பின்னால் வெள்ளை உடுத்திய முழு லயமும். தப்புக்காரர் ஆசை தீர அடித்துக்கொண்டே ஓடினார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கூட்டம், தப்புச் சத்தம், முன்னால் அந்தச் சின்னப் பெட்டி. மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். "அனே, பவ்" என்று சிங்களத்தில் 'ஐயோ பாவம்' சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் பெட்டிக்கு ஒன்று, பாக்கியத்துக்கு ஒன்று என்று இடம் விட்டார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை. பூ வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போன அந்தத் தாயைப் பார்த்து பஸ்ஸே கண்ணீர் விட்டதாம். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்றைக்கும் அவள் அங்கே டீச்சர்தான். சுமதிக்கு ஒரு பெண் குழந்தை, ஓடி விளையாடுகிறது. என் நிலைமைதான் மாறிப்போனது. வீட்டில் நான் ஒரு சொல் மட்டும் சொல்லக் கூடாது. "தண்ணி" என்றால், "யாருக்கு? குடிக்கவா, குளிப்பாட்டவா? முழுசா சொல்லுங்க, ஊரு கூடிறப் போவுது" என்பாள் பாக்கியம். பட்டறைக்குப் போனால் பாஸ் வேலையை நிறுத்திவிட்டு, "மொதல்ல வீட்ல எல்லாரும் உசுரோட இருக்காங்களான்னு சொல்லு" என்பார்.

போன வாரம் கோயில் திருவிழாவுக்காகக் கொழும்பில் இருக்கும் மருமகனுக்கு போன் செய்தேன். மிகவும் யோசித்துத்தான் பேசினேன். "மாப்பிள்ளை, நாளைக்கு வரும்போது பெருசா ஒரு மாலை வாங்கிட்டு வாங்க" என்றேன். அந்தப் பக்கம் கடைக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

பாக்கியம் சமையலறையிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். "சாமிக்கு மாப்பிள்ளை, சாமிக்கு! கடைய பூட்டாதீங்க! எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!"