குப்பாயி விசாரணைக் கமிட்டி

மனிதனுக்கு மனிதன் கொடுக்கவேண்டிய மரியாதை முதன்முதலாகச் சட்டமாக்கப்பட்ட இடம் ஆண்டிக்கரட்டுக் கல்குழிதான். உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1931-ம் வருஷத்தில் ஜனங்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு மேட்டூருக்குப் போய், அங்கே அணை எழும்புவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஆற்றை நிறுத்துவது என்ன பெரிய காரியம்? குறுக்கே கல்லை அடுக்கினால் நிற்கிறது. திருச்செங்கோட்டு ரஸ்தாவில் எங்கள் கமிட்டி ஒரு சொல்லையே நிறுத்தியது. அந்தக் கமிட்டிக்குக் காரியதரிசியாக இருக்கும் பாக்கியம் கல்குழிக் குமாஸ்தாவான எனக்குக் கிடைத்தது.

சொல் 'குப்பாயி'. அது எங்கள் பக்கத்தில் கல்லைவிட மலிவான பேர். கரட்டுக் குன்றின் மேல் நின்று "அடி குப்பாயி" என்று கூப்பிட்டால் நாலு திசையிலும் நாலு பேர் சும்மாட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். குழிக்குள் கல் சுமந்தவர்களில் மட்டும் ஐந்து குப்பாயிகள். அதனால் எங்கள் கல்குழியில் அது பேராகவும் இருந்தது, வசவாகவும் இருந்தது. ஆம்பிளை ஒருவன் சம்மட்டியைத் தவறவிட்டால் அவன் குப்பாயி. சரியாக வெடிக்காமல் புகைந்து போன வேட்டு, குப்பாயி வேட்டு. சண்டி மாடு, குப்பாயி மாடு.

இந்த வழக்கத்தைச் சீராக வளர்த்த பெருமை ஓவர்சீயர் கைலாசம் அவர்களைச் சேரும். காலையில் குழிக்கு வந்ததும் முதல் வேலையாக நாலைந்து பேரைக் குப்பாயி ஆக்கிவிட்டுத்தான் வெற்றிலை போடுவார். அது வசவுதானா என்று அந்நாளில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததால் அது 'அன்பு' என்றே கருதப்பட்டது.

ஒருநாள் கைலாசம் அவர்கள் கற்குவியலை அளக்க டேப்போடு உச்சியில் ஏறினார். கல் உருண்டது. கூடவே அவரும் உருண்டுவந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியில் உட்கார்ந்தார். பாரம் ஏற்ற வந்திருந்த வண்டிக்கார மணியன் அதைப் பார்த்து, யாரிடமும் என்றில்லாமல், "ஓவர்சீயரே குப்பாயியாப் போயிட்டாருங்களே" என்றான்.

குழியே சிரித்தது. சிரித்தவர்கள் பதினேழு பேர் என்று பிற்பாடு அவர் கொடுத்த மனுவில் கண்டிருந்தது. தொட்டிக்குள் உட்கார்ந்த நிலையிலும் தலைகளை எண்ணியிருக்கிறார் என்பது அவருடைய கடமை உணர்ச்சிக்குச் சான்று.

மணியனை அன்றே விரட்டியிருக்கலாம். ஆனால் கரட்டுப் பாதையில் பாரம் இழுக்கிற ஜோடி மாடு அவனிடம்தான் இருந்தது. காண்ட்ராக்டர் சுவாமிநாதன் அவர்களோ நீதிமான். ஆத்தூரில் அரிசி மில் நடத்தியவர். மாடு இல்லாமல் பாரம் நகராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குற்றம் மணியனுடையது அல்ல, சொல்லினுடையது என்று முடிவு கட்டி, விசாரிக்கக் கமிட்டி போட்டார். தலைவர் அவர். அங்கத்தினர் கைலாசம், மனுதாரரும் அவரே. காரியதரிசி நான்.

விசாரணை பாரபட்சமில்லாமல் நடக்கவேண்டும் என்பதற்காக, அந்தப் பேருள்ளவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று மூன்று பேரும் சொல்லவேண்டியிருந்தது. இருவரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன். என்னைப் பெற்றவள் அப்போது ராசிபுரத்தில் இருந்தாள். அவள் பேரை யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டம் மருந்துக் கொட்டகையில் கூடியது. வெடிமருந்துப் பெட்டியின்மேல் தலைவர் உட்கார்ந்தார். பீடி பற்ற வைப்பதில்லை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"ஏன்யா கைலாசம், ஊர்ல நூறு பொம்பள வச்சிருக்கிற பேரு. அது எப்படிய்யா வசவாவும்?" என்றார் தலைவர்.

"நூறு பேரு வெச்சிருக்கறதுனாலதானுங்க முதலாளி வசவு. ஒருத்தி வெச்சிருந்தா அது பேரு."

இந்த வாதத்தை அதன் ஆழத்தோடு குறிப்பில் பதிந்துகொண்டேன். பிறகு, சொல்லைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முதலில் தலைவருடைய ஜட்கா வண்டிக் குதிரையின் காதருகே போய், ஓவர்சீயர் அந்தச் சொல்லைத் தெளிவாக உச்சரித்தார். குதிரை வாலை ஆட்டியது. அது கண்டனமா சம்மதமா என்று விளங்காததால், "குதிரை அபிப்பிராயம் தெரிவிக்கவில்லை" என்று எழுதினேன். அடுத்து ரஸ்தா ஓரத்துக் காப்பிக் கடைக்காரர் கந்தவேல். சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த வெந்நீரை வீசினார். அது என்மேல் பட்டது. "ஆட்சேபணை உண்டு, சூடானது" என்று பதிந்துகொண்டேன்.

கடைசியாக, அசல் குப்பாயி ஒருத்தியை வரவழைத்துச் சோதிப்பது என்று தீர்மானித்தோம். ஐந்து பேரில் குழியின் அடி மட்டத்தில் கல் அள்ளுகிறவள் சின்னக் குப்பாயி. வீரன் பெண்டாட்டி. வீரனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாறை விழுந்து இடுப்பு போனதிலிருந்து ஊட்டுக்கு இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். அவள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ஓவர்சீயர் அவள் முகத்துக்கு நேராக, "குப்பாயி" என்றார்.

"ஏனுங்க சாமி," என்றாள் அவள்.

ஓவர்சீயர் இன்னும் கடுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"இங்கதானுங்க நிக்கறேன்."

"கோவம் வரலியா உனக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"எதுக்குங்க?"

"மனதாங்கல் அடையும் சக்தி வளர்ச்சி பெறாதவள்" என்று ஓவர்சீயர் சொல்ல நான் எழுதினேன்.

இந்தப் பேரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டபோது அவள் விஸ்தாரமாகவே வாக்குமூலம் கொடுத்தாள். அவளுக்கு முன்னால் மூன்று பிறந்து, மூன்றும் பேர் வைத்த வருஷத்திலேயே செத்துப்போயின. அவற்றுக்கெல்லாம் நல்ல நல்ல சாமி பேர். நாலாவதாக இவள் விழுந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, பக்கத்து ஊட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்று, திருப்பி வாங்கி, இந்தப் பேரை வைத்தார்களாம்.

"எமன் வந்து கேட்டா, இது குப்பைங்க, உங்களுக்கு ஆவாதுங்கன்னு சொல்றதுக்குங்க," என்றாள்.

"எமன் அவ்வளவு மடையனா?"

"முப்பது வருசமா வரலீங்களே."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவர்சீயர் சிரிக்கவில்லை. எமனையே ஏமாற்றுகிற பேர் காண்ட்ராக்டரை ஏமாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். தலைவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவள் போகுமுன், கேட்காமலே ஒன்று சொன்னாள். "பேரை மட்டும் மாத்திப்போடாதீங்க சாமி. கீழ கெடக்கறவளுக்கு அதுதானுங்க காது."

அதன் விளக்கத்தைக் கமிட்டி கேட்கவில்லை. நான் சொல்கிறேன். எங்கள் குழியில் வேட்டு வைக்கிறவர் வேலுசாமி. திரியைப் பற்ற வைக்குமுன் மேலே நின்று ஒவ்வொரு பெண்ணையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கரட்டுக் குப்பாயி, நெட்டைக் குப்பாயி, சின்னக் குப்பாயி என்று. அவரவர் "வந்துட்டனுங்க" என்று குரல் கொடுத்து மேலே ஏறவேண்டும். கடைசிக் குரல் வராமல் அவர் திரியைத் தொடமாட்டார். விசில் ஒன்று உண்டு. சம்மட்டிச் சத்தத்தில் அது கீழே கேட்காது. தன் பேர் மட்டும் எந்தச் சத்தத்திலும் கேட்கும்.

இது வேலை சம்பந்தப்பட்ட விஷயம். கமிட்டி விசாரித்ததோ மரியாதை சம்பந்தப்பட்டதை. ஆகவே குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

தீர்மானம் இது: குப்பாயி என்பது வசவே. ஆடி முதல் தேதியிலிருந்து ஆண்டிக்கரட்டு எல்லைக்குள் அச்சொல்லை உச்சரிப்பவர் பேர் வேலைப்பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்தப் பேருள்ள ஐந்து பெண்களையும் அவமானத்திலிருந்து விடுவிக்க, அவர்களுக்குப் புதுப்பேர் வழங்கப்படும்.

நான் 'ஜானகி' என்ற பேரைச் சிபாரிசு செய்தேன். தலைவர் முகம் கறுத்தது. அவருடைய சம்சாரம் ஜானகியம்மாள். கல் சுமக்கிறவளுக்கு அந்தப் பேரை வைத்தால் அது ஜானகியம்மாளுக்கு அவமானம் என்று ஓவர்சீயர் எனக்கு எடுத்துச் சொன்னார். மரியாதையைப் பற்றி நான் கற்றுக்கொள்ளவேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. தலைவர் வீட்டிலும் ஓவர்சீயர் வீட்டிலும் யாருக்கும் இல்லாத பேராகத் தேடி, 'சௌந்திரம்' என்று முடிவு செய்தோம். ஐந்து பேருக்கும் அதுவே. கரடு, நெட்டை, சின்ன என்ற அடைமொழிகளும் இழிவானவை என்று நீக்கப்பட்டன.

ஆடி பிறந்தது. பலகையில் அறிவிப்பு எழுதி மாட்டினேன். தடை செய்யப்பட்ட சொல் எது என்று தெரிவிப்பதற்காக அதைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டியிருந்தது. எழுத்துக்கு விலக்கு உண்டு என்று தலைவர் அனுமதி கொடுத்தார். குழியில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் யார் மனமும் புண்படவில்லை.

நாலு நாள் குழி கோயில்போல் இருந்தது. ஐந்தாம் நாள் ஓவர்சீயர், சம்மட்டியைத் தவறவிட்ட ஒருவனைப் பார்த்து, "ஏண்டா சௌந்திரம்" என்றார். பத்தாம் நாள் சண்டி மாடு சௌந்திர மாடு ஆகிவிட்டது. இதில் தடை மீறப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

பதினோராம் நாள் வேட்டு. வேலுசாமி மேலே நின்று, பலகையையும் பக்கத்தில் நின்ற ஓவர்சீயரையும் பார்த்துக்கொண்டு, "சௌந்திரம்" என்று ஐந்து தரம் கூப்பிட்டார். "வந்துட்டனுங்க, வந்துட்டனுங்க" என்று ஐந்து குரல் வந்தது. நெட்டையவள் மட்டும், முதலில் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ என்று இரண்டு தரம் சொல்லியிருந்தாள். ஐந்து சௌந்திரத்தில் எந்தச் சௌந்திரம் எந்தக் குரல் என்று யாருக்குத் தெரியும்? கணக்கு நேராக இருந்தது. திரி பற்றியது.

அப்புறம்தான் வேலுசாமி குனிந்து பார்த்தார். அடியில், பெரிய பாறைக்கு அந்தப் பக்கம், சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையில் கல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர் சௌந்திரம் என்று ஒருமுறை கத்தினார் என்பது உண்மை. அவள் திரும்பவில்லை. புதுப்பேர் இன்னும் காதுக்குப் பழகாததால், யாரோ புதிதாக ஒரு சௌந்திரம் வேலைக்கு வந்திருக்கிறாள் போல என்று நினைத்தாளாம். நெருப்பு பாதித் திரியைத் தின்றுவிட்டது.

"அடி குப்பாயி! குப்பாயி, ஓடியா! குப்பாயி!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பாதி மேடு ஏறினபோது குழி வெடித்தது. பறந்து வந்த கல் ஒன்று வலது பாதத்தில் விழுந்தது. உயிருக்குப் பழுதில்லை.

மறுநாளே கமிட்டி அவசரமாகக் கூடியது. தடை அமலுக்கு வந்து முதல் மீறல். ஓவர்சீயர் குற்றப்பத்திரிகை வாசித்தார்: பொது இடத்தில், உரத்த குரலில், மூன்று முறை. வேலுசாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சின்னக் குப்பாயியை மணியன் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். காலில் மஞ்சளும் கந்தைத் துணியும் சுற்றியிருந்தது. துணியின் கட்டு சிவந்திருந்தது.

"சௌந்திரம்னு கூப்பிட்டிருக்கலாமேய்யா," என்றார் தலைவர், மனவருத்தத்தோடு.

"கூப்பிட்டனுங்க. சௌந்திரம் வரலீங்க. குப்பாயின்னேன், வந்துட்டாளுங்க."

ஓவர்சீயர் என் பக்கம் திரும்பி, "நாலு," என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

தலைவர் அவளைப் பார்த்துக் கேட்டார். "இந்த ஆளு உன்னை அவமானப்படுத்தினானா, இல்லியா? பயப்படாம சொல்லு. உனக்காகத்தான் இந்தக் கமிட்டி."

"எம்பட பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருங்க. நான் ஓடியாந்தேன்."

"எந்தப் பேரு?"

அவள் வேலுசாமியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

"குப்பாயிங்க," என்றாள். "வேற எந்தப் பேருக்குங்க சாமி நான் ஓடியாரது?"

"அஞ்சு," என்றார் ஓவர்சீயர்.

தீர்ப்பில் தாட்சண்யம் இல்லை. இருவர் பேரும் வேலைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. குப்பாயியை அவமதித்த குற்றத்துக்காக ஆண்டிக்கரட்டில் தண்டிக்கப்பட்ட முதல் பெண் குப்பாயி. வேலை செய்கையில் காயம்பட்டவளை வண்டி வைத்துச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கல்குழியில் ஏற்பாடு உண்டு. அதற்குக் கடிதம் எழுத நான் காகிதத்தை எடுத்தேன். காயம்பட்டவள் பேர் பட்டியலில் சௌந்திரம் என்று இருந்ததையும், எதிரே நிற்பவள் தான் சௌந்திரம் இல்லை என்று கமிட்டி முன்பாகவே ஒப்புக்கொண்டதையும் ஓவர்சீயர் சுட்டிக்காட்டினார். காகிதத்தை மடித்து வைத்தேன். மணியன் அவளைத் தூக்கி வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். எந்தப் பக்கம் போனான் என்று நான் பார்க்கவில்லை. கூட்டக் குறிப்பை முடிக்கவேண்டியிருந்தது.

வேலுசாமி இடத்துக்கு வந்த புது ஆள் விவரமானவர். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தானே வம்பு? அவர் ஒருவரையும் கூப்பிடுவதில்லை. திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிடுகிறார்.

அன்று முதல் இன்றுவரை ஆண்டிக்கரட்டுக் கல்குழியில் ஒரு பெண்கூட அவமதிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இல்லை. வேட்டு சம்பந்தப்பட்டவை வேறு பதிவேட்டில் இருக்கின்றன. அதையும் நான்தான் எழுதுகிறேன்.